மாப்பிள்ளை அறையில் ஒழுகிய ஏசி

சல்மான் ஃபாரிஸின் தோளில் முதல் சொட்டு விழுந்தபோது மதியச் சாப்பாட்டின் கனம் இன்னும் வயிற்றை விட்டு இறங்கவில்லை. மாமியார் வீட்டு மாடியறையில், லீவில் வந்த மாப்பிள்ளைக்கே உரிய சொகுசோடு அவன் சாய்ந்து கிடந்தான். இரண்டாவது சொட்டு நெற்றியில் விழுந்தது. அவன் மேலே பார்க்கவில்லை. ஏசிதான் ஒழுகுகிறது என்பதும், ஏன் ஒழுகுகிறது என்பதும், எதைச் செய்தால் நிற்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் அவனைப் பிடித்த வினை.

"மச்சான், ஏசி ஒழுகுது. படுக்கையெல்லாம் நனையுது, எந்திரிங்க," என்றாள் அஸீலா.

"அப்படியா?" என்று அவன் எழுந்து உட்கார்ந்து, ஏசி என்ற ஒன்றை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்ப்பவன் மாதிரி அண்ணாந்து பார்த்தான்.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். பெண் பிறந்த வீட்டை விட்டு நகர மாட்டாள். வருகிறவனுக்கு ஓர் அறை ஒதுக்கி, அதில் குறை என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொள்வது மாமியாரின் கௌரவம். அஸீலாவின் உம்மா ஆசியா உம்மாள் கௌரவம் என்று வந்துவிட்டால் யாருக்கும் இளைத்தவள் இல்லை. கணவர் பாவா கொழும்பில் கடையே கதி என்று கிடக்க, அவள் தனியாளாக நின்று மாடியில் அறை எடுத்து, கட்டில் போட்டு, ஏசியும் மாட்டினாள். "ஆபீசுல ஏசியிலயே இருந்து பழகுன மாப்பிள்ளை. நம்ம வீட்டுப் புழுக்கத்துல கெடந்து அவியலாமா?" என்று தெருவெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

அந்த ஆபீஸ்தான் வம்பே. சவூதியில், தம்மாமில், பெரிய கம்பெனியில் ஆபீஸ் சூப்பர்வைசர் என்று பெண் பேசின அன்று சொன்னது சல்மான் இல்லை, அவனுடைய ராத்தா, மூத்த அக்கா. அவன் பக்கத்தில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தான். மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். பொய்யை நாம் சொல்ல வேண்டாம், நம் காது கேட்க இன்னொருவர் சொன்னால் போதும், அது வளர்ந்து ஆளாகிவிடும். தம்மாமுக்குத் திரும்பியபின் ஒரு வெள்ளிக்கிழமை, ஆளில்லாத நேரம் பார்த்து, மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படமும் எடுத்து அனுப்பினான். அஸீலாவின் போனைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் படம்தான். நாற்காலி நல்ல நாற்காலி.

அந்த நாற்காலிக்காரரின் அறைக்கு வெளியே, கட்டடத்தின் வெளிச்சுவரில், இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏசிப் பெட்டிகளை மாட்டுகிறவனும் கழற்றுகிறவனும் பழுது பார்க்கிறவனும்தான் சல்மான். அங்குள்ள வெயிலில் பெட்டியின் தகரம் தொட்ட இடத்தில் தோலை எடுத்துவிடும். அவன் வெட்கப்பட்டது வேலைக்காக இல்லை. கைத்தொழில் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைப்பான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் கிடையாது. சூப்பர்வைசர் என்று நம்பி இந்த அறையைக் கட்டினவர்கள் முகத்தை, இல்லை என்று சொன்னபிறகு எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவன் பயம். எல்லாவற்றுக்கும் மேலே அஸீலா. அவள் பார்வையில் ஒரு மாற்று குறைந்துபோனால் தாங்க முடியாது என்று நினைத்தான். லீவு முடிய இன்னும் ஒரு வாரம். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் தப்பித்தான்.

வந்த அன்றே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து அவன் எல்லாவற்றையும் கண்டுகொண்டிருந்தான். வீட்டின் பின்பக்கம் முடுக்கு. இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. பெண்கள் மட்டும் நடப்பது. ஆம்பிளைகள் அதில் கால் வைக்க மாட்டார்கள். ஏசித் தண்ணீர் போகும் குழாயின் வாய் முதலில் அந்த முடுக்குக்கு மேலேதான் தொங்கியிருக்கிறது. பெண்கள் தொழப் போகையில் துப்பட்டியில் சொட்டு விழுந்திருக்கிறது. என்ன தண்ணீரோ, சுத்தமோ அசுத்தமோ, இதோடு போய்த் தொழலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. ஆசியா உம்மாளுக்கு அது போதாதா? ஒரு பையனை ஏற்றிக் குழாயை மேலே மடக்கி, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பின்னால் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, வாய்க்கு ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியையும் பெட்டிமேல் வைத்துவிட்டாள். ஒரு சொட்டு கீழே விழாது. விழாதுதான். மடக்கிய இடத்தில் குழாய் நசுங்கி, போக வழியில்லாத தண்ணீர் ஒரு நாள் அறைக்குள் திரும்பத்தான் செய்யும்.

"மாமி, குழாயை அவுத்து விடுங்க" என்று யாரும் சொல்லலாம். அதற்கு ஏசி மெக்கானிக்காக இருக்க வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் மறைத்து வைத்தவனுக்கு எந்தச் சொல்லும் சாதாரணச் சொல்லாகத் தெரியாது. அந்தப் பேச்சை எடுத்தாலே தன் வாய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, பார்த்தும் பாராதவனாக இருந்தான்.

இப்போது தண்ணீர் சுவரோடு வழிந்து ஏசியின் சுவிட்சுப் பெட்டியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அஸீலா ரிமோட்டை அழுத்தி ஏசியை அணைத்தாள். ஒழுகல் மட்டும் நிற்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மாளின் குரல் வந்தது. மருமகன் முன்னால் வந்து நின்று அவள் ஒரு நாளும் பேசியதில்லை. அவன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தாலும் மகளுக்குச் சொல்வது போலத்தான் சொல்லுவாள்.

"அஸீலா, ஏசி பாக்குற புன்னக்காயல் தம்பிக்கு போன் பண்ணியாச்சு. இங்கன பக்கத்துலதான் நிக்கிதாம், வந்துரும். மாப்பிள்ளைய அறையிலயே இருக்கச் சொல்லு. ஆம்பிளைத் துணை இல்லாம வெளி ஆளை மாடிக்கு ஏத்த முடியாதுல்லா?"

தப்பித்துப் பள்ளிவாசல் பக்கம் போய்விடலாம் என்று சட்டையைத் தேடிக்கொண்டிருந்த சல்மான் திரும்ப உட்கார்ந்தான்.

வந்தவன் கிங்ஸ்லி. அப்பன் பாட்டன் எல்லாம் கடலுக்குப் போனவர்கள். படகின் ஆட்டம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் இந்தத் தொழிலுக்கு வந்ததாக மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிட்டான். வாய் ஓயாத, வேலையிலும் குறை சொல்ல முடியாத ஆள். சல்மானை ஊர் முறைப்படி காக்கா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டான். மேல்மூடியைக் கழற்றி, தூசி வலையைத் தட்டி, உள்தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் போகாமல் நின்றது.

"வெளிக்குழாய் அடைச்சிருக்கு காக்கா. போய் ஒரு ஊது ஊதுனா போதும். ஏணி போட்டு ஏறலாம்னா கீழ பொம்பளைங்க முடுக்கு. நான் ஜன்னல் வழியாவே எறங்கிருதேன்."

"சரி," என்றான் சல்மான். இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க அவனுக்குத் துணிவில்லை. கட்டிலின் நனையாத ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

கிங்ஸ்லி சுவிட்சுப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தான். "இது நனைஞ்சு போச்சு, தொடக் கூடாது. உம்மா! கீழ மெயினை அணைச்சிருங்க!"

சற்று நேரத்தில் தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி வேகம் குறைந்து நின்றது. "அணைச்சாச்சு தம்பி!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மறுபடி படியேறி வந்து கதவுக்குப் பின்னால் அஸீலாவோடு நின்றுகொண்ட சத்தமும் கேட்டது.

கிங்ஸ்லி ஜன்னலின் கம்பிக் கதவைத் திறந்து வெளியே இறங்கினான். கீழறை ஜன்னலுக்கு நிழலாக நீட்டிய சிலாப், ஒரு பாதம் தாராளமாகவும் மறுபாதம் யோசித்தும் வைக்கிற அகலம். கடற்காற்றில் அதன் ஓரமெல்லாம் பொரிந்து உதிர்ந்திருந்தது. அதன்மேல் இரும்புச் சட்டத்தில் வெளிப்பெட்டி. குழாய் பெட்டிக்கு அந்தப் பக்கம். பெட்டியைப் பிடித்துக்கொண்டு எட்டினால்தான் எட்டும்.

சல்மான் தற்செயலாகத் திரும்பி உள்ளே ஏசியைப் பார்த்தான். அதன் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விசிறி நின்றுவிட்டது. பச்சை விளக்கு எரிகிறது. எப்படி என்று அவனுக்கு உடனே புரிந்தது. பக்கத்து வீடு ஆசியா உம்மாளின் ராத்தா வீடு. பெண்கள் தெருவில் இறங்காமல் போய்வர இரண்டு வீட்டுக்கும் உள்ளுக்குள்ளேயே ஒரு கதவு. ஏசி மாட்டும்போது இந்த வீட்டு லைன் தாங்காது என்று அந்த வீட்டிலிருந்து வயரை இழுத்திருந்தார்கள். இரண்டும் ஒரே வீடுதானே என்கிற நினைப்பு. சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் அந்த வயரையும் அவன் வந்த அன்றே பார்த்திருந்தான். இந்த வீட்டு மெயினை அணைத்தால் இந்த ஏசி சாகாது. ரிமோட்டில் அணைத்தாலும் இந்த வகை ஏசியில் வெளிப்பெட்டிக்கு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். பெட்டியின் பக்கத்து மூடி உப்புக்காற்றில் அரித்துப்போய்த் தொங்குகிறது. வாளித் தண்ணீர் அதற்குள் இறங்கியிருந்தால் பெட்டியே மொத்தமும் மின்சாரம்.

சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்ற நினைப்பு, இந்த நேரத்திலும், வெட்கமில்லாமல் வந்து குறுக்கே நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சில் கிங்ஸ்லி கையை நீட்டிவிட்டான்.

"தொடாத லே!"

சொல் போய்ச் சேர்வதற்குள் கை போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ நெஞ்சில் உதைத்தது போலக் கிங்ஸ்லி பின்னால் விழுந்தான். வாளி உருண்டு முடுக்கில் விழுந்து உடைந்தது. கீழே பெண்கள் அலறினார்கள். கிங்ஸ்லி சிலாப்பின் விளிம்பில் உட்கார்ந்தபடி, ஒரு கால் வெளியே தொங்க, கண் எங்கோ நிலைகுத்திக் கிடந்தான். கொஞ்சம் அசைந்தால் கீழே கருங்கல் தளம். நிலை தடுமாறிப் பிடிமானத்துக்கு அவன் கை போகக்கூடிய ஒரே பொருள் அந்தப் பெட்டிதான்.

"மாமி! பெரியும்மா வீட்டு மெயினை அணைங்க! ஓடுங்க!"

மாமியாரிடம் அவன் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. ஆசியா உம்மாள் மறு கேள்வி கேட்காமல் உள்கதவு வழியாக ஓடினாள். அஸீலா ஜன்னலுக்கு வருவதற்குள் சல்மான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே இருந்தான்.

அவள் பார்த்தது இதுதான். தன் மாப்பிள்ளை, மாடிப்படி இறங்கும்போதுகூடப் பைய இறங்குகிற மனுஷன், அந்த ஒடுங்கின சிலாப்பில் முதுகைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நடந்து போகிறான். கீழே பார்க்கவில்லை. கால் தானாக இடம் தேடி வைக்கிறது. வைத்த இடம் தாங்குமா என்று குதிகாலால் ஒரு தட்டு, பிறகு உடம்பின் பாரம், பிறகு அடுத்த கால். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. சோறு அள்ளுகிற கையைப் போலப் பழகின கால் அது.

"கிங்ஸ்லி, என்னையப் பாரு. கீழ பாக்காத. கைய ரெண்டையும் மடியில வையி. பெட்டிப் பக்கம் கொண்டுபோகாத. மூச்ச விடு. இன்னொரு தடவை விடு." குரலிலும் பதற்றம் இல்லை. குனிந்து அவன் இடுப்புப் பெல்ட்டை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறுகையை ஜன்னல் கம்பியில் கோத்துக்கொண்டான். "இப்ப எந்திரி. அந்தக் காலை உள்ள இழு. அப்படித்தான்."

உள்ளே வந்து தரையில் விழுந்த கிங்ஸ்லியின் உள்ளங்கை கருகிச் சிவந்திருந்தது. உயிருக்குச் சேதமில்லை. அஸீலா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "மாதாவே, மாதாவே" என்று முனகினான். ஏசியில் பச்சை விளக்கு அணைந்தது. அதைப் பார்த்துவிட்டு, கிங்ஸ்லி பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக்கொண்டு சல்மான் மறுபடி வெளியே போனான். பெட்டியைத் தொட்டுச் சோதித்தான். தொங்கின மூடியை அழுத்திப் பூட்டினான். கயிற்றை அவிழ்த்து, நசுங்கின இடத்தை விரலால் நீவிவிட்டு, குழாயை மறுபக்கத்து மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் இறக்கினான். கட்டிக் கிடந்த தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. பாதியில் விட்டு வர அவன் கை இடம் கொடுக்கவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்கிற விரக்தியும் கொஞ்சம் உண்டு.

அவன் ஜன்னல் வழியாகத் திரும்பி உள்ளே கால் வைத்ததும் கிங்ஸ்லி கேட்டான்.

"காக்கா, நீங்க நம்ம தொழிலா?"

கேட்டவன் மனதில் ஒன்றும் இல்லை. நன்றிதான். கதவுக்குப் பின்னால் ஓடி வந்த இளைப்போடு ஆசியா உம்மாள் நிற்பது சல்மானுக்குத் தெரியும். சிரித்து மழுப்பலாம். தம்மாமில் பார்த்துப் பழகினேன் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது. எதிரே அந்தக் கருகின உள்ளங்கை. தான் ஒரு மூச்சு முந்திப் பேசியிருந்தால் அது கருகியிருக்காது.

"ஆமா," என்றான். "அங்க எனக்கு இதுதான் வேலை."

கிங்ஸ்லியின் கைக்கு மருந்து போட்டு, தெருமுனை ஆட்டோக்காரரை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்கள். போகும்போது அவன் சல்மானின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். மாமியார் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது சல்மானுக்கு. கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து, "அஸீலா, மாப்பிள்ளை வெயில்ல நின்னுட்டு வந்திருக்காரு. சர்பத் கலந்து குடு," என்று மட்டும் வந்தது. பிறகு படியிறங்கும் சத்தம்.

அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். உள்ளங்கையெல்லாம் பெட்டியின் துரு ஒட்டியிருந்தது.

அஸீலா சர்பத் கலக்கப் போகவில்லை. கட்டிலின் எதிர் ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மனதுக்குள் பதில்களை அடுக்கினான். பொய் சொன்னது ராத்தா என்று தொடங்குவதா? சம்பளத்தில் குறை வைக்கவில்லையே என்று சொல்வதா? கூலிக்காரனுக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று அவள் கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். பல வருஷமாகச் செய்து வைத்திருந்த பதில்.

"எத்தனாவது மாடி?" என்றாள் அஸீலா.

அவனுக்குப் புரியவில்லை.

"அங்க. இப்ப நடந்தியளே, அந்த மாதிரி. எத்தனாவது மாடியில நடப்பிய?"

இரண்டு என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. "பதினாலு, பதினஞ்சு. கட்டடத்தைப் பொறுத்து. இடுப்புல பட்டை போட்டிருப்போம், அஸீலா. பயம் ஒண்ணும் இல்ல."

"வெயில்ல?"

"வெயில்லதானே ஏசி கெட்டுப்போகும்."

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இங்க கரண்டு போற அன்னைக்கெல்லாம் போன் போட்டு, ஒங்களுக்கென்ன, குளுகுளுன்னு ஏசி ரூமுல இருக்கியன்னு ஏசுவேன்லா. நீங்க சிரிப்பிய. அப்ப எங்கன நின்னு பேசுனிய?"

அவன் தலையணையின் நனைந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டான்.

"எங்கன நின்னு பேசுனியன்னு கேக்கேன்."

"சில நேரம் கீழ. சில நேரம் மேல. சாப்பாட்டு நேரத்துல எறங்கி ஏறுனா நேரம் போயிரும்னு மேலயே..."

"நான் கோவிச்சுக்கிட்டுப் பாதியில வச்சுருவேன். மறுபடி நீங்க கூப்புட்டா எடுக்க மாட்டேன். ஆபீசுலதானே இருக்காரு, காத்துக் கெடக்கட்டும்னு."

வேலையின் பெயரைச் சொன்னால் அவள் மதிப்பில் தான் குறைந்துபோவோம் என்றுதான் இத்தனை நாளும் சல்மான் நடுங்கினான். அதற்குத்தான் அத்தனை பதில்களும். இந்த அழுகையை அவன் கணக்கிலேயே எடுக்கவில்லை. "நீ பயப்படுவேன்னுதான் சொல்லல," என்றான். அந்த நேரத்தில் அது உண்மை போலவும் இருந்தது, இன்னொரு பொய் போலவும் இருந்தது.

"பயந்திருப்பேன்தான்," என்றாள் அஸீலா. "தெனமும் பயந்துக்கிட்டே ஒங்களுக்காகத் துவா கேட்டிருப்பேன். அந்தப் பயத்தையாவது எனக்குக் குடுத்திருக்கலாம்லா, மச்சான்? நீங்க அங்க தொங்கிக்கிட்டு இருந்தப்ப, நான் இங்க நிம்மதியா தூங்கியிருக்கேனே."